பதிவின் வால்

மீமிசலில் மாஹிராவுக்கு என்ன வேலை என்று கேட்டால், "வீட்ல உக்காந்து பூகம்பம் தைக்குது அந்தப் புள்ள" என்பார்கள். கேலிதான். ஆனால் படித்தவர்களால்கூட அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

ஒவ்வொரு கட்டடமும் தன் உயரத்துக்கும் கட்டுமானத்துக்கும் ஏற்ற வேகத்தில்தான் ஆடும். எந்த ஆட்டத்துக்கு எவ்வளவு உலுக்கலைத் தாங்கவேண்டும் என்று சென்னை அலுவலகம் ஒரு வளைகோட்டை அனுப்பும். எங்கோ எப்போதோ நிலம் நடுங்கிய பதிவை எடுத்து, இங்கே கொஞ்சம் தூக்கி, அங்கே கொஞ்சம் அமுக்கி, அந்தக் கோட்டின்மேல் படியவைப்பாள் மாஹிரா. எங்குமே நடக்காத ஒரு பூகம்பம் தயாராகிவிடும். அதை வைத்து, இன்னும் கட்டாத ஆஸ்பத்திரியைக் கம்ப்யூட்டரில் ஆட்டிப் பார்ப்பார்கள்.

சென்னையில் இருந்தவள் அத்தா மௌத்தாகி அம்மா தனியான பிறகுதான் ஊருக்கு வந்தாள். அத்தா ஷேக் பரீது வெளிநாட்டு ஓட்டல் ஒன்றில் வாட்ச்மேனாக இருந்தார். அங்கே வந்த பூகம்பத்தில் ஓட்டல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. "ஒரு நொடிதான், வலியே தெரிஞ்சிருக்காது" என்று போனில் யாரோ சொன்னார்கள். அம்மா பரக்கத் நிஷா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் சோறு தின்கிறாள்.

போன வாரம் வந்த பதிவுகளில் ஒன்றின் தலைப்பில் அந்த ஓட்டலின் பெயர் இருந்தது. நடுக்கத்தைப் பதிந்த கருவி இருந்த இடம், கீழ்த்தளம். மாஹிரா அந்தப் பெயரை இன்னொரு தடவை படித்தாள்.

பதிவில் கோளாறு உண்டா என்று பார்க்க, அதை ஒலியாக்கி வேகமாக ஓட்டிக் கேட்பது அவள் வழக்கம். முதலில் உறுமல். பிறகு எல்லாம் அடங்கிய வால் பகுதி. வேலைக்கு ஆகாது என்று வெட்டிவிடுவது அதைத்தான். அதற்குள் ஏதோ டிக்டிக்கென்றது. வேகத்தைக் குறைத்து, நடந்தது நடந்தபடி ஓட்டினாள்.

இரண்டு தட்டு. ஒரு நிறுத்தம். இன்னொரு தட்டு.

லீவில் வரும்போதெல்லாம் அத்தா இந்த வீட்டுக் கதவை இப்படித்தான் தட்டுவார்.

துள்ளி எழுந்ததில் ஹெட்போன் வயர் பிடுங்கிக்கொண்டது. பட்டப்பகலில் வீடு முழுக்கத் தட்டல் கேட்டது. மீன் அலசிய ஈரக்கையோடு வாசலுக்கு ஓடினாள் பரக்கத் நிஷா. பாதியில் நின்றாள். மெல்லத் திரும்பினாள்.

"அங்கிட்டு இல்ல. இங்கிட்டுல்ல தட்டுறாங்க."

மாஹிரா அவசரமாக ஒலியை நிறுத்தினாள். அதற்குள் திரையில் இருந்த ஓட்டல் பெயரைப் பரக்கத் நிஷா எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டாள்.

"எம்புட்டு நேரம் புள்ள தட்டுனாங்க?"

திரையில் சின்னச் சின்ன மேடுகள், இரண்டும் ஒன்றுமாகப் பதிவின் கடைசி ஓரம்வரை போயிருந்தன. தட்டல் நிற்கவில்லை. கருவிதான் நின்றிருந்தது.

"கொஞ்ச நேரந்தாம்மா."

பரக்கத் நிஷா மகள் முகத்தையே பார்த்தாள்.

மறுநாள் வாலை வெட்டித்தான் அனுப்பினாள் மாஹிரா. வெட்டியதை அழிக்கக் கை வரவில்லை.

அன்றிலிருந்து அம்மா வாசல் கதவுக்குத் தாழ் போடுவதில்லை.