கஷாயமா, கூழா?

கொஞ்ச நாளாக எனக்குத் தலைசுற்றல். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்பத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளோ கொத்தமல்லி விதை, நெல்லிமுள்ளி, சுக்கு போட்டுக் கஷாயம் வைத்து அனுப்புகிறார். இரண்டையும் விழுங்குகிறேன். குணமானால் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியப்போவதில்லை. நேற்று டம்ளரை மூக்கருகே கொண்டுபோனதும் அந்த வாசனை என்னை ஆவடிக்கு அப்பால் ஒரு சிறு ஸ்டேஷனில் இறக்கிவிட்டது.

யுத்தம் தொடங்கி வந்த இரண்டாவது மழைக்காலம். ஐப்பசியா கார்த்திகையா என்பதுதான் நிச்சயமில்லை. பழங்கதை சொல்லும்போது மாதம் சரியாக நினைவுக்கு வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்போது நான் அங்கே டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா, வேலைக்குப் புதிது.

அந்நாளில் ரயிலுக்கு வழிகாட்டும் கைகாட்டி மரத்தின் உச்சியில் மண்ணெண்ணெய் விளக்குதான். சாயங்காலம் இரும்பு ஏணியில் ஏறி அதை வைத்துவிட்டு வருவது ஏகாம்பரத்தின் வேலை. ஒருநாள் பாதி ஏணியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டார். இறங்கியதும் போர்ட்டர் கேட்டார்:

“இன்னா அண்ணாத்தே, மேலயே தூங்கிகினு கீறியா?”

“தல சுத்துது மாமே” என்றவர் என் பக்கம் திரும்பினார். “மாஸ்டரு காதுல போட்டுடாதீங்க சார். ஏணி ஏற முடியாதவன இன்னாத்துக்கு வெச்சிக்குவாங்க?”

நாங்கள் சொல்லவில்லை. அவர் மனைவி முனியம்மா பாரிவாக்கத்திலிருந்த அண்ணனிடம் நெல்லிமுள்ளி வரவழைத்து, இதே கஷாயத்தைத் தினமும் தூக்கில் கொண்டுவந்தார். சில வாரத்தில் ஏகாம்பரம் பழையபடி விறுவிறுவென்று ஏறினார். போர்ட்டர் அந்தத் தூக்கைப் பார்த்துக் கும்பிடு போட்டார்.

எனக்குத்தான் ஓர் உறுத்தல். வெறும் வயிற்றில் கஷாயம் எரியும் என்று முனியம்மா முதலில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் கொடுப்பார். அதற்கு முன்பெல்லாம் மத்தியானச் சோற்றைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டுப் பட்டினியாகவே ஏறியவர் ஏகாம்பரம். அரிசிக்கு அப்படி ஒரு பாடு. அப்படியானால் குணமாக்கியது எது?

“நாலு நாள் கஷாயத்தை நிறுத்திட்டு, கூழ் மட்டும் குடுத்துப் பாருங்களேன்” என்றேன். நிறையப் படித்த பையனின் புத்தி.

முனியம்மா தூக்கை மூடினார். “எதுல நிக்குதுன்னு எனக்குந்தான் தெரியாது சார். தெரிஞ்சிக்கணும்னா இந்த ஆளுதான மேல ஏறணும்? வுயுந்தா, கஷாயந்தான் காப்பாத்திச்சின்னு நீங்க கண்டுபுடிப்பீங்க. எனக்கு இன்னா லாபம்?”

“சார ஏறச் சொல்லு” என்றார் ஏகாம்பரம். “நான் கீழ குந்திகினு பாக்கறேன்.”

அவர் கூழைக் குடித்தார், கஷாயத்தையும் குடித்தார், விளக்கை எடுத்துக்கொண்டு ஏறினார். முனியம்மா ஏணியடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். நானும் போய் நின்றேன்.

ஓய்வு பெறும்வரை ஏகாம்பரம் இரண்டையும் விடவில்லை. பிறகு மின்விளக்கு வந்தது. ஏணிகளைக் கழற்றினார்கள், கைகாட்டி மரங்களும் போயின. சாயங்கால ரயில் வருவதற்குள் தன் புருஷன் இறங்கி வந்துவிட வேண்டும் என்று தண்டவாளத்தோரம் காத்து நிற்கிற பெண் யாரும் அந்த லைனில் இப்போது இல்லை.