பெருவீதிக்கு முதுகு காட்டி

“வலது பக்கம் பேங்கு. வாசல்ல சிங்கம். ஒரு காது இல்ல. பாத்தாச்சா? அடுத்தது வாங்க!”

கூரையில்லாத சுற்றுலா பஸ்ஸின் மேல்தளத்தில் நின்றபடி மைக் அக்கா பெருவீதியின் கதைகளை அவிழ்த்து விடுகிறார். ஒரு கையில் மைக், மறு கை கம்பியில். பயணிகளின் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பதால், வண்டி போகிற திசைக்கு அவர் முதுகைத்தான் காட்டுவார். வழிகாட்டிக்கென்று ஓர் இருக்கை உண்டு. அதில் அவருடைய பைதான் சொகுசாக உட்கார்ந்து வருகிறது. வேலை வெட்டி இல்லாத பொழுதெல்லாம் இந்த பஸ்ஸில் ஏறிக்கொள்கிற ஆசாமி நான். அவர் உட்கார்ந்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

வீதி முன்பு கால்வாயாக இருந்ததாம். “படகு போன இடத்துலதான் போறோம். பயப்படாதீங்க, பஸ்ஸுல ஓட்டை இல்ல.” கால்வாயைத் தூர்த்த மகராசன் குதிரை மேல் சிலையாக இருக்கிறார், குதிரை இப்போது புறாக்களின் சொத்து. மணிக்கூண்டின் நான்கு முகமும் நான்கு நேரம் காட்டும். “உங்களுக்கு எது சௌகரியமோ அத வச்சுக்குங்க.” தீப்பிடித்து எரிந்து மறுபடி கட்டிய நாடக அரங்குக்கு எதிரிலேயே தீயணைப்பு நிலையம். “அன்னைக்குன்னு பாத்து அவங்க எல்லாரும் உள்ள நாடகம் பாத்துட்டிருந்தாங்க!”

பயணிகளுக்கு எதிர்முகமாக நிற்பதால், அவருடைய இடது நமக்கு வலது. மாற்றி மாற்றிச் சொல்லியே வீட்டிலும் அப்படியாகிவிட்டது. இடது தட்டில் சர்க்கரை என்பார். கையை விட்டால் உப்பு. “இவ வலதுன்னா நான் இடது பக்கம் திரும்புவேன். அதனாலதான் குடும்பம் எங்கயும் முட்டாம ஓடுது” என்பார் அவர் கணவர். அதே பஸ்ஸைக் கீழே உட்கார்ந்து ஓட்டுகிறவர்.

மேலே மனைவி, கீழே கணவர், நடுவே இரும்புத் தகடு. அதற்கென்று ஒரு பாஷை வைத்திருந்தார்கள். சிலையோ மணிக்கூண்டோ நெருங்கினால் கணவர் பிரேக்கை இரண்டு முறை மெல்லத் தொடுவார். பஸ் இரண்டு முறை தலையாட்டும். ‘வந்தாச்சு, சொல்லு’ என்று அர்த்தம். சொல்லி முடித்ததும் அக்கா குதிகாலால் தளத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். ‘ஆச்சு, போ.’

முந்தாநாள் கணவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். இதே வீதியில், கோர்ட்டுக்கு நேர் எதிரே உள்ள ஆஸ்பத்திரியில். இன்னும் கண் திறக்கவில்லை. திறந்தால், மூன்றாம் மாடியில் வீதியைப் பார்த்த அறைக்கு மாற்றுவார்கள். உடனே நாத்தனார் ஜன்னலில் மஞ்சள் துண்டைத் தொங்கவிட வேண்டும் என்று ஏற்பாடு. மைக்கில் இரைச்சல் கேட்கும் என்று, வேலை நேரத்தில் அக்காவின் போனை ஆபீசிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

“இன்னைக்கு எதுக்கு வேலைக்கு வந்தீங்க?” என்று கேட்டேன்.

“அங்க நாற்காலில உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும். இதுலன்னா சுத்திச் சுத்தி அவரத் தாண்டித்தானே போறேன்?”

முதல் சுற்றில் ஜன்னல் மூடியிருந்தது. இரண்டாம் சுற்றிலும் அப்படியே. புது டிரைவருக்கு பிரேக் பாஷை தெரியாது. அக்கா வாயைத் திறப்பதற்குள் சிலை பின்னால் போய்விட்டது. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிங்கத்தின் காதை மறந்தார். நாடக அரங்கைத் தண்ணீரில் மூழ்கடித்தார். எனக்கே இருப்புக் கொள்ளவில்லை.

மூன்றாம் சுற்றில், கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. அக்காவின் கண் மூன்றாம் மாடியில். வாய் மட்டும் பழக்கத்தில் ஓடியது, அதுவும் மாற்றிச் சொல்ல மறந்து, தன் கைப்பக்கத்தை வைத்தே: “உங்க இடது பக்கம் பாருங்க. இந்த ஊர்லயே பழைய கோர்ட்டு.”

அத்தனை தலைகளும் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பின.

“இதுவா கோர்ட்டு? வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்குதேம்மா!” என்றார் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி.

அக்கா மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தார்.

“தப்புங்க. அது ஆஸ்பத்திரி. அதோட சரித்திரம் எனக்குத் தெரியாது. மூணாவது மாடில எங்க வீட்டுக்காரர் இருக்காரு. மஞ்சத் துண்டு ஏதாவது தெரியுதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. எனக்குக் கண்ணுல ஒண்ணும் தெரியல.”

பஸ்ஸே எழுந்து நின்றது. கேமராக்கள் எல்லாம் மேலே நிமிர்ந்தன. நெரிசல் விட்டுவிடுமோ என்று நான் முன்னால் எட்டி எட்டிப் பார்த்தேன். அட, ஒரு நாளைக்காவது இந்த நெரிசல் நமக்கு உதவக் கூடாதா?

“அதோ! அந்தக் கடைசி ஜன்னல்!” என்று அதே பெண்மணி கத்தினார்.

ஜன்னல் திறந்தது. மஞ்சள் துண்டை நாத்தனார் தொங்கவிடவில்லை. ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை தாழ்த்தியது. கொஞ்சம் நின்று, மறுபடி இரண்டு முறை.

நாத்தனாருக்கு அந்தப் பாஷை தெரியாது. உள்ளே படுத்திருப்பவர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா மைக்கைக் கீழே இறக்கினார். குதிகாலால் தளத்தில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.