கொலிஜுக்குப் போகிறவர்

யாழ்ப்பாணத்தில் கொலிஜ் என்றால் பள்ளிக்கூடம். அதே நினைப்பில் லண்டனிலும் திரிந்த முட்டாள் நான். கோலியர்ஸ் வுட் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த நரைத்த தலைப் பெண்மணி, தன் கையைத் தடவித் தடவி எலும்புகளின் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“எங்கை போறியள் அக்கா?”

“கொலிஜுக்கு.”

“பிள்ளை எத்தினையாம் வகுப்பு?”

“பிள்ளை வேலைக்குப் போகுது தம்பி. படிக்கிறது நான். ஒரு வருசம் கொலிஜ், பிறகு யூனிவர்சிட்டியில நேர்சிங்.”

“நேரா யூனிவர்சிட்டிக்குப் போக ஏலாதோ?”

“இடம் தந்தவங்கள். நான்தான் வேண்டாமெண்டிட்டன். சோதனை எழுதி முப்பது வருசமாச்சு. விழுறதெண்டால் முதல் உயரம் குறைஞ்ச இடத்தில விழுந்து பாப்பம்.”

சிரித்துவிட்டு மறுபடி முழங்கையைத் தடவினார். பயத்துக்கு இவ்வளவு நிதானமாகத் திட்டம் போட்டவரை நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் வியந்து சொன்னேன்.

“நீங்கள் நேராத்தானே யூனிவர்சிட்டிக்குப் போனனீங்கள்,” என்றாள். “என்னத்தைக் கிழிச்சனீங்கள்?”