கொல்லைக்கு வரும் மண்டோர்

கண்ணோரம் கறுப்புப் பட்டை போட்ட அந்தப் பழுப்புக் கீச்சான் குருவிக்கு ஐயாவு வைத்த பெயர் மண்டோர். மழைக்காலத்துக்கு முன் வடக்கிலிருந்து வரும். கோலசிலாங்கூர் வீட்டுக் கொல்லையில், துணிக்கொடிக் கம்பத்தில் உட்கார்ந்து, யார் சும்மா நிற்கிறார்கள் என்று பார்ப்பதுபோல் தலையைத் திருப்பும். தோட்டத்தில் செம்பனைக் குலை லோரி ஓட்டிய காலத்தில் ஐயாவு, வேலை வாங்கும் எந்த மண்டோருக்கும் பணிந்ததில்லை. இவனுக்குப் பணிந்தார். இவன் வந்துவிட்டால் கொல்லையில் துணி காயப்போட விடமாட்டார். புல் வெட்டமாட்டார், இவன் தின்னும் வெட்டுக்கிளி ஓடிவிடுமாம்.

"புல்லு முட்டிக்கு வந்துருச்சு. பாம்பு வரப்போவுது," என்பார் மனைவி இராஜம்மா.

"மண்டோர்கிட்ட லீவு கேட்டுட்டு வெட்டுறேன் லா."

ஆகஸ்டில் ஐயாவு இறந்தார். மகள் அன்பரசி ராவாங் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் டெக்னீஷியன். வார இறுதிகளில் அம்மாவிடம் வந்தாள். புல்லை வெட்ட விடவில்லை. பறவை வந்தால் போதும். வந்து என்ன ஆகப்போகிறது என்று அவள் யோசிக்கவில்லை.

அக்டோபரில் வந்தது. கம்பத்தில் உட்கார்ந்ததுமே காகங்கள் விரட்டின. மறுநாளும் அப்படியே.

பழுதான கருவியைப் பார்ப்பதுபோல் அன்பரசி கொல்லையைப் பார்த்தாள். புல் இருந்தது. கம்பம் இருந்தது. புதிதாகச் சேர்ந்தது ஒன்றுதான்: தினமும் காலையில் அப்பாவுக்கென்று அம்மா கம்பத்தடியில் வைக்கும் சோறு. கருமாதியோடு நிறுத்தியிருக்க வேண்டியது. அம்மா நிறுத்தவில்லை.

இராஜம்மா இலையில் சோற்றோடு வந்தபோது அன்பரசி சொன்னாள்.

"மா, சோத்துக்கு வர்ற காக்காதான் மண்டோர விரட்டுது."

"அப்ப உங்கப்பாவுக்குச் சோறு வைக்க வேணாங்கிறியா?"

"அப்படிச் சொல்லல மா."

"வேற என்னா சொல்ற?"

அன்பரசி கம்பத்தைக் கைகாட்டினாள்.

இராஜம்மா கம்பத்தில் காத்திருந்த காகங்களைப் பார்த்தார்.

"உசுரோட இருந்தப்ப ஒரு பூனைய இந்தப் பக்கம் விட்டாரா மனுசன்? இப்ப அவரே காக்காவா வந்து மண்டோர விரட்டுவாரா?"

வீட்டுக்குள் நடந்து முன்கதவைத் திறந்தார். கேட்டுக்குப் பக்கத்து மதில்மேல் இலையை வைத்தார். "சோறு வேணும்னா இனிமே முன்பக்கமா வாங்க," என்றார், காகத்திடமா புருஷனிடமா என்று தெரியாதபடி.

காகங்கள் கூரையைத் தாண்டிப் போயின. வெயில் ஏறிய பிறகு கீச்சான் கம்பத்துக்கு வந்தது. தலையைத் திருப்பியது.

"மா, மண்டோர் வந்துட்டான்."

"அப்ப ஏன் சும்மா நிக்கிற? துணிய அலசு."

அன்று துணிகள் முன்வாசலில் காய்ந்தன.