ஸ்கெல்பெக் தோற்க வேண்டும்

ஸ்கெல்பெக் டவுன் கால்பந்து அணி ஜெயிக்க வேண்டும் என்று ஊரே தவம் கிடந்தபோது, அது தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஜீவன் நோரீன். வெளியில் சொன்னால் ஊரில் குடியிருக்க முடியாது என்பதால் வாயைத் திறக்கவில்லை.

அவள் கணவர் வில்ஃப், அணியின் உடுப்புகளுக்குப் பொறுப்பாளர். சம்பளம் கிடையாது. கேட்டால், கிளப் மேல் பாசம் என்பார். பாசம் அவருக்கு, சலவை இவளுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் சேறு அப்பிய பைகள் சமையலறைக்கு வந்து இறங்கும். யார்க்‌ஷர் குளிரில் எது காயும்? மாடிப்படிக் கைப்பிடி, கதவு, ஹீட்டர் என்று பார்த்த இடமெல்லாம் பச்சை ஜெர்சி தொங்கும். வீட்டுக்குள் எப்போதும் ஈரக் காலுறை வாசனைதான்.

அணி தோற்றுக்கொண்டிருந்த காலம் நிம்மதியாக இருந்தது. பார்க்க வருகிறவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். பிறகு பேக்கரிக்கார ஓல்ட்ராய்ட் தலைவரானார், பணத்தைக் கொட்டினார், புதுப் பயிற்சியாளர் வந்தார். பிடித்தது சனியன். அணி ஜெயிக்க ஆரம்பித்தது. கடைக்குக் கடை பச்சைக் கொடி, இறைச்சி பஃப்ஸ் வாங்க வரிசை, மைதான வாசலில் போலீஸ். பெண்கள் அணி, சிறுவர் அணி என்று புதிது புதிதாக முளைத்தன. எல்லோருடைய சேறும் நோரீன் வீட்டுக்குத்தான் வந்தது.

ஃபைலி கடற்கரையில் அவள் தங்கை ஆட்ரி இருந்தாள். பக்கத்து வீடு காலி. அக்காவுக்காக வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருந்தாள். நோரீனுக்கு விரல் மூட்டெல்லாம் வலி. போய்விடலாம் என்று சொல்லும்போதெல்லாம் வில்ஃப் ஒரே பதில் வைத்திருந்தார்.

"ஜெயிச்சுட்டிருக்கும்போது விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும், கண்ணு? ஒரு சீசன் அடுத்த டிவிஷனுக்கு ஏறாம நிக்கட்டும். மறுநாளே மூட்டையைக் கட்டிடலாம்."

அணி அந்த வருஷமும் மேலே ஏறியது, அடுத்த வருஷமும் ஏறியது. வில்ஃபை ஆட்டக்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நோரீன் வீட்டுக்கு வந்து மெஷினைப் போட்டாள்.

மூன்றாவது வருஷம், இன்னொரு படி ஏறுவதற்கான கடைசி ஆட்டம். மார்ல்பி அணியோடு. இடைவேளையில் கூட்டம் வழக்கம்போல மொத்தமாக எழுந்து, இனி தங்கள் அணி கோல் போட வேண்டிய எதிர்முனைக்குப் பின்னால் போய் நின்றது. நோரீனும் போனாள்.

"என்ன ஆகுமோன்னு பயமா இருக்கு, நோரீன்," என்றாள் பக்கத்தில் நின்ற ஜெஸ்.

"எனக்கும்தான்," என்றாள் இவள். அது பொய்யில்லை.

முடிவதற்குச் சற்று முன் மார்ல்பி ஒரு கோல் போட்டது. பச்சைக் கொடிகளெல்லாம் தாழ்ந்தன. நோரீன் சட்டென்று மஃப்ளரில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்; யாரும் அந்த முகத்தைப் பார்த்துவிடக் கூடாதே. ஜெஸ் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அழாத. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

வில்ஃப் வாக்குத் தவறவில்லை. "ஆட்ரிக்குப் போன் போடு," என்றார் வீட்டுக்கு வந்ததும். படுத்தவர் குறட்டை விட்டுத் தூங்கினார். துக்கத்தில் உடம்பு அசந்துவிட்டது என்று நோரீன் நினைத்துக்கொண்டாள். பாவமாகக்கூட இருந்தது.

பாதி வீட்டை அட்டைப்பெட்டியில் அடைத்திருந்தபோது போன் வந்தது. ஓல்ட்ராய்ட்.

"நோரீன்! நாம ஏறிட்டோம்!"

"தோத்துட்டோமே?"

"தோத்தா என்ன? மார்ல்பி மைதானத்துல போதுமான இருக்கை இல்லைன்னு லீக்ல கழட்டி விட்டுட்டாங்க. அப்பீலும் போச்சு. அவங்க இடம் நமக்கு! வில்ஃப்கிட்ட சொல்லு, பீரோட வந்துட்டே இருக்கேன்."

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். தோற்ற பிறகும் ஜெயிக்கிற அணியை ஒரு மனுஷி என்னதான் செய்ய முடியும்? கோபம்கூட வரவில்லை. அவ்வளவு அலுப்பு.

"யாரு?" என்றார் வில்ஃப். தட்டுகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஓல்ட்ராய்ட். நாம ஏறிட்டோமாம்." விஷயத்தைச் சொன்னாள்.

வில்ஃப் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். மாடிப்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. இப்போது அவளுக்குக் கோபம் வந்தது.

"சந்தோஷமா? நல்லா அழு."

"சந்தோஷமா?" வில்ஃப் நிமிர்ந்தார். "என்னால முடியல, கண்ணு. இடுப்பு விட்டுப்போச்சு. மார்ல்பிக்காரன் கோல் போட்டப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டேன். பசங்க நான் அழறேன்னு நெனச்சானுங்க."

நோரீன் அவரையே பார்த்தாள். "இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா உடனே கிளம்புன்னுவே. ஊர்ல என்ன பேசுவாங்க? நானா விட்டேன்னு இருக்கக் கூடாது. தோத்து, தானா முடியணும்னு இருந்தேன்."

"நானும் அவங்க தோக்கணும்னுதான் வேண்டிக்கிட்டிருந்தேன், பைத்தியக்காரா. உன்னை உலுக்கிக் கேக்காம விட்டுட்டேன்."

வெளியே கார் நின்றது. பாட்டில்கள் மோதும் சத்தமும் ஓல்ட்ராய்ட் பாடும் சத்தமும் கேட்டன. வில்ஃப் எழுந்து, கண்ணைத் துடைத்து, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் அவள் நிஜமென்று நம்பிய அதே சிரிப்பு. நோரீன் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"எங்க நம்ம ஆளு?"

"அவருக்கு முடியல."

"என்னாச்சு, சளியா?"

"களைச்சுட்டார். நானும்தான். அடுத்த சீசனுக்கு வேற ஆளைப் பாத்துக்கோ."

ஓல்ட்ராய்ட் கடகடவென்று சிரித்தார். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "வில்ஃப், என்னய்யா சொல்றா இவ?"

நோரீன் திரும்பவில்லை. கதவைப் பிடித்த கை வலித்தது. 'சும்மா விளையாடறா' என்று வில்ஃப் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பின்னால் மாடிப்படி கிரீச்சிட்டது.

"அவ சொல்றதுதான்," என்றார் வில்ஃப்.