ஆனாலும், ஆண்டவரே

“பதவியை நாடாதவர்; பொறாமை அறியாதவர்; ஜெப வீராங்கனை.” சிறு விவசாயிகளுக்கு விதையும் யோசனையும் தருகிற ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில், ஒரு பெண்மணியின் படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருக்கிறது. இதில் கடைசி ஒன்று மட்டும் உண்மை.

அலுவலகத்தில் அவர் பெரியக்கா. வயல் வயலாகப் போய் விவசாயிகளைக் குழு சேர்ப்பது அவர் வேலை. பழைய இயக்குநர் ஓய்வுபெறப் போகிறார் என்று தெரிந்த நாள் முதல், அவருடைய அறைக்குள் நுழையும்போதெல்லாம் மனதுக்குள் ஜன்னல் திரையை மாற்றிக்கொண்டிருந்தார். பச்சை வேண்டாம், அழுக்குத் தெரியாத பழுப்பு. நிர்வாகக் குழுவோ, ‘புதிய முகம் வேண்டும்’ என்று, அவரிடமே வேலை பழகிய சின்னவளை இயக்குநராக்கிவிட்டது.

“என் முகத்துக்கு என்ன வந்துச்சாம்?” என்று வீட்டில் கேட்டார்.

“வந்து ரொம்ப நாளாச்சுல்ல, அதான்,” என்றார் கணவர். அன்று அவருக்குக் காப்பி கிடைக்கவில்லை.

சின்னவள் கெட்டவளாக இருந்திருந்தால் வசதி. பாவி, நல்லவள். “அக்கா, திரை என்ன கலர் போடலாம்?” என்று வந்து கேட்டாள். “உன் இஷ்டம்மா,” என்றார். அவளாகவே பழுப்பைத் தேர்ந்தெடுத்தாள். அதைத்தான் பெரியக்காவால் மன்னிக்க முடியவில்லை.

அந்த அலுவலகத்தில் யாரும் கோபத்தை நேராகச் சொல்வதில்லை. கடவுள் வழியாக அனுப்புவார்கள். காலைக் கூடுகையில் ஒருவர், “தாமதமாக வரும் உம்முடைய பிள்ளைகளை நினைத்தருளும்,” என்பார். தாமதமாக வந்த விதைக் கிடங்குக்காரர் மூடிய கண்ணோடு முறைப்பார். ஜெபத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பது இதில் உள்ள சௌகரியம். பதவியேற்பு ஜெபம் பெரியக்காவிடம் வந்தபோது, அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒத்திகை பார்த்தார். முதல் பாதி புகழ்ச்சி. பிறகு ஒரு மௌனம். அப்புறம், “ஆனாலும், ஆண்டவரே, வெயில் படாத இந்தப் பாதங்களை, கம்ப்யூட்டரில் மட்டுமே பயிர் பார்த்த இந்தக் கண்களை…”

“இது ஜெபமா, மொட்டைக் கடுதாசியா?” என்றார் கணவர்.

“நிகழ்ச்சி நிரல்ல என் பேர் இருக்கே. எப்படி மொட்டை ஆகும்?”

பதவியேற்பு நாளில் கூடம் நிறைந்திருந்தது. பின்வரிசையில் குழு விவசாயி ஒருவர், தக்காளிக்காரர்; விற்கவேண்டிய கூடைகளை வெளியே வெயிலில் வைத்துவிட்டு வந்தவர். முழங்காலிட்டிருந்த சின்னவளின் தலைமேல் பெரியக்கா கை வைத்தார், தேவைக்குக் கொஞ்சம் கூடுதல் பாரத்தோடு. புகழ்ச்சி, சொன்னவரே நம்பிவிடும் அளவுக்கு நன்றாக வந்தது. பிறகு, ஒத்திகை பார்த்த அந்த மௌனம்.

ஜெபம் முடிந்துவிட்டது என்று தக்காளிக்காரர் முடிவு செய்தார். “ஆமென்!” வயலின் மறுகரைக்குக் கேட்கும் குரல். கூடமே “ஆமென்” என்றது, நாற்காலிகள் நகர்ந்தன. அந்த இரைச்சலில் “ஆனாலும்” என்ற ஒற்றைச் சொல் மட்டும் வெளியே விழுந்தது. கேட்டது, கைக்குக் கீழே இருந்தவளுக்குத்தான்.

எழுந்த சின்னவளின் கண்கள் ஈரமாக இருந்தன. “அக்கா, ‘ஆனாலும்’னு ஏதோ சொல்ல வந்தீங்களே?”

அவள் முகத்தில் பயம் தெரிந்தது. பார்க்கப் பெரியக்காவுக்கு இனித்தது; இனித்ததே உறுத்தவும் செய்தது.

“ஆனாலும் ஜெபம் நீண்டா சோறு ஆறிடும்னு சொல்ல வந்தேன். வா.”

“கடுதாசி போய்ச் சேர்ந்துச்சா?” என்று கணவர் சாயங்காலம் கேட்டார்.

“பாதிதான்.”

“மீதி?”

“உங்க வேலையைப் பாருங்க.”

பொறாமை எங்கேயும் போய்விடவில்லை. இயக்குநர் அறையைக் கடக்கும்போது, இப்போதும் அந்தப் பழுப்புத் திரையை ஏற இறங்கப் பார்க்கிறார். ஆண்டறிக்கை எழுதியவர்கள் கேட்டது ஜெபத்தின் முதல் பாதியை மட்டும். எழுதியதும் அதை வைத்துத்தான். அவர் செய்தது வேறு. இரண்டாவது பாதி வாய்நிறைய இருந்தது, கேட்கவேண்டியவளே வந்து கேட்டாள், அவர் சொல்லவில்லை.