வண்டி சூடாகும் பத்து நிமிடம்

எனக்கு முதலில் நின்றுபோனது சிரிப்பு. மூச்சுத்திணறல் எல்லாம் அதற்கப்புறம்தான். என் வீட்டுக்காரர் முருகேசன் ஏதாவது சொல்லி நான் வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தால் பாதியிலேயே அது இருமலாகிவிடும். இருமி முடிக்கும்போது எதற்குச் சிரித்தேன் என்பதே மறந்திருக்கும்.

"நாஞ் சொன்ன ஜோக்கு அவ்வளவு மோசமா புள்ள?" என்பார் அவர்.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்காவதோ சிரிப்பு இப்படிப் பாதியில் அறுந்தால் தள்ளிப்போடாதீர்கள். நான் ஒரு மழைக்காலம் முழுக்கத் தள்ளிப்போட்டேன். கஷாயம் குடித்தேன், ஆவி பிடித்தேன், மைசூர்க் குளிரைத் திட்டினேன். ஒரு நாள் என் மகள் காவ்யா, "அம்மா, யாரோ விசில் அடிக்கறாங்க" என்று அறை முழுக்கத் தேடினாள். அது என் நெஞ்சுக்குள்ளிருந்து வந்த சத்தம்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நஞ்சன்கூடு போகும் சாலையோரத்தில் ஒரு வேன் நிற்கும். வண்டிகளின் புகையைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வேன். அதில் ஏழு வருடமாக இருக்கிறேன். சைலன்ஸருக்குள் ஒரு குழாயை நுழைத்து, திரையில் எண் வந்ததும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். டீசல் வண்டி என்றால் ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்வோம், ஒருமுறை அல்ல, நாலைந்து முறை. அந்தக் கரும்புகை யார் முகத்துக்கு வருகிறது என்று நான் யோசித்ததேயில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டியைக் கூப்பிடுவேன்.

மருத்துவமனையில் எனக்கும் ஒரு குழாயைக் கொடுத்தார்கள். ஸ்பைரோமெட்ரி (நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று அளக்கும் சோதனை). "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும்!" என்று அங்கிருந்த பெண் கத்தினார். டீசல்காரர்களிடம் "மிதிங்க, மிதிங்க" என்று நான் கத்துவது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். சிரிப்பு இருமலாகி, சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

ஆஸ்துமா (மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கிக் காற்றுக்கு வழி விடாத நோய்) என்றார் டாக்டரம்மா. அவர் பேசியது கன்னடம், நான் தமிழில் எழுதுகிறேன்.

"நாப்பத்தோரு வயசுல புதுசா வருமா மேடம்?"

"வரும். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

இன்ஹேலர் கொடுத்தார். பழக்கமாகிவிடும், விடவே முடியாது என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தினார்கள். உங்களையும் பயமுறுத்துவார்கள். காதில் வாங்காதீர்கள். கூடவே ஒரு பீக் ஃப்ளோ மீட்டரும் (வீட்டிலேயே ஊதி மூச்சின் வேகத்தை அளக்கும் சிறு கருவி) வாங்கச் சொன்னார். காலையும் மாலையும் ஊதி, எண்ணை நோட்டில் எழுத வேண்டும். எண் கூடினால் நல்லது. வேலைக்குப் போகும் நாளில் எப்படி, லீவு நாளில் எப்படி என்று பார்த்தால் எந்தப் புகை என்னைத் தொந்தரவு செய்கிறது என்று தெரிந்துவிடுமாம்.

வேனில்தான் பிரச்சினை என்று நானும் நினைத்தேன். ஆனால் காலை எண்தான் மோசமாக வந்தது, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. இருநூற்று நாற்பது, இருநூற்று முப்பது.

பிறகு முருகேசன் தன் அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு மூன்று நாள் கோபிநத்தம் போனார். முதல் நாள் காலை முந்நூற்றுப் பத்து, அடுத்த நாள் முந்நூற்று முப்பது, மூன்றாம் நாள் முந்நூற்று ஐம்பது. அவர் திரும்பி வந்த மறுநாள் காலை மீட்டர் பழையபடி இருநூற்று நாற்பதில் போய் நின்றது.

அவரிடம் பதினொரு வருடமாக ஒரு டீசல் கூட்ஸ் ஆட்டோ இருக்கிறது. நஞ்சன்கூட்டிலிருந்து மைசூர் மண்டி மொஹல்லா கடைகளுக்குச் சரக்கு ஏற்றுகிறார். சின்ன வயதிலிருந்தே எஞ்சின் சத்தம் கேட்டால்தான் அவருக்குப் பசிக்கும். தினமும் காலையில் எங்கள் சமையலறை ஜன்னலுக்குக் கீழே வண்டியைக் கிளப்பி, பத்து நிமிடம் சூடாக விடுவார். அந்தப் பத்து நிமிடத்தில் நான் டிபன் கட்டி முடிப்பேன், போகிற வழியில் என்னை வேனில் இறக்கிவிடுவார். நான் பஸ்ஸில் நிற்கக் கூடாது என்பதற்காக அவர் செய்த ஏற்பாடு அது.

அந்த வண்டிக்கு ஏழு வருடமாகப் புகைச் சான்றிதழ் கொடுத்தவள் நான். ஒவ்வொரு முறையும் குழாயை முழுதாக நுழைக்காமல் சைலன்ஸர் நுனியில் பட்டும் படாமலும் பிடித்திருப்பேன். அப்படிப் பிடித்தால் எண் குறைவாகத்தான் வரும். நம் வீட்டு வண்டிதானே என்று நினைத்தேன்.

புருஷன் ஊரில் இல்லாதபோதுதான் எனக்கு மூச்சு நன்றாக வருகிறது என்று எந்தப் பெண் எழுதிக் கொடுப்பாள்? அந்த மூன்று நாள் எண்களையும் அடித்துவிட்டு, இருநூற்று நாற்பது, ஐம்பது, நாற்பது என்று எழுதினேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வண்டி இல்லையென்றால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

நோட்டைப் பார்த்த டாக்டரம்மா குழம்பினார். இரண்டு வாரம் வேலைக்குப் போகாதீர்கள் என்றார். போகவில்லை, முதல் வாரம் முடிந்தும் குறையவில்லை. மருந்தைக் கூட்டினார். தவறான எண்ணுக்குச் சரியான மருந்து எப்படிக் கிடைக்கும்?

அந்த இரண்டாம் வாரத்தில் ஒரு காலை. காவ்யா டியூஷன் போயிருந்தாள். தோசைக்கல் அடுப்பில் இருந்தது. கீழே வண்டி சூடாகிக்கொண்டிருந்தது. திடீரென்று காற்று உள்ளே வரமாட்டேன் என்றது. இன்ஹேலர் படுக்கையறையில். "ஏனுங்க" என்று கூப்பிட்டேன், எனக்கே கேட்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தமாகக் கூப்பிட்டிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. கைக்குக் கிடைத்த டம்ளரை ஜன்னல் வழியாக எறிந்தேன். அது வண்டிக் கூரையில் விழுந்தது. யாராவது தன் வண்டியைத் தொட்டால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். ஓடி வந்தார்.

அதே வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வேறு வண்டி தேட நேரமில்லை. முகத்தில் நெபுலைசர் (மருந்தைப் பனி போலாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் கருவி) மாட்டினார்கள். காவ்யா புத்தகப் பையோடு ஓடி வந்து, "மாதாட பேடம்மா" என்று அழுதாள். பேசாதே என்று அர்த்தம். அவளுக்கு அழுகை கன்னடத்தில்தான் வரும்.

மறுநாள் பேச முடிந்ததும் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முருகேசன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நோட்டை வாங்கி, நான் அடித்திருந்த எண்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நான் ஊர்ல இல்லாத மூணு நாளும் நல்லா இருந்தியா?"

தலையாட்டினேன்.

"அதச் சொல்றதுக்கென்ன புள்ள? என்ற மேலதான் சந்தேகம் வருமே தவிர, வண்டி மேல வருமா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். முருகேசன் சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கி நான் பார்த்தது கல்யாணமாகி அதுவே முதல்முறை.

"வேனுக்கு வண்டியக் கொண்டாறேன். குழாய முழுசா வுட்டுப் பாரு" என்றார்.

முகக்கவசம் போட்டு, தள்ளி நின்று, கூட வேலை செய்பவரை வைத்துப் பார்த்தேன். அச்சடித்த தாள் வந்தது. ஃபெயில். வண்டி வாங்கிய பதினொரு வருடத்தில் முதல்முறை. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே மெக்கானிக்கிடம் போனார். டீசலைத் தெளிக்கும் நாசில் அடைத்திருந்தது, ஏர் ஃபில்டர் பார்க்கவே முடியாத அளவு கருத்திருந்தது. சரிசெய்து கொடுத்த மெக்கானிக், வண்டி சூடாக ஒரு நிமிடம் போதும் என்றாராம். அதைக் கேட்டுவிட்டு இவர் அன்று சாப்பிடவேயில்லை.

இது நடந்து எட்டு மாதமாகிறது. என்னை வேனுக்குள் கம்ப்யூட்டர் நாற்காலிக்கு மாற்றியிருக்கிறார்கள். காலை எண் முந்நூற்று அறுபது. குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். லாரிகள் வரிசையாகப் போகும் நாளில் நெஞ்சு எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுகிறது. காற்று என்று ஒன்று இருப்பதே முன்பு எனக்குத் தெரியாது. இப்போது தெருவுக்குத் தெரு அதற்கு ருசி தெரிகிறது.

முருகேசன் சிக்னலில் எஞ்சினை அணைக்கிறார். பக்கத்து வண்டிக்காரரையும் அணைக்கச் சொல்லி வாங்கிக்கட்டிக்கொள்கிறார். சாயங்காலம் தெருமுனையிலேயே அணைத்துவிட்டு வண்டியை வீட்டு வாசல்வரை உருட்டிக்கொண்டு வருகிறார். அங்கேயே விட்டால் பேட்டரி காணாமல் போகும். காலையில் மறுபடி தெருமுனைக்குத் தள்ள வேண்டும். அங்கேயும் ஜன்னல்கள் இருக்கின்றன, ஜன்னலுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் அங்கே போய்க் கிளப்பியதும் நிற்காமல் கிளம்பிவிடுவார். நான் பிறகு பஸ்ஸில் போய்க்கொள்வேன்.

போன வாரம் முதல்முறையாக நானும் தள்ளினேன். வேண்டாம் என்றார், கேட்கவில்லை. நாற்பத்தெட்டு அடி. தெருமுனைக்குப் போனபோது எனக்கு மூச்சு வாங்கியது, ஆனால் விசில் இல்லை. "உனக்கு வாங்கறத வுட எனக்குத்தான் அதிகமா வாங்குது புள்ள" என்றார். சிரித்தேன். சிரிப்பு கடைசிவரை வந்தது.

வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். பாதி வழி வந்தும் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். நான் உள்ளே போய் ஜன்னலைச் சாத்தும்வரை கிளப்பக் கூடாது என்று, கையில் சாவியோடு, வண்டிக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு வருடமாக வண்டிக்குக் கொடுத்த பத்து நிமிடத்தை இப்போது எனக்குக் கொடுக்கிறார்.

அன்று வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.